பைன் காட்டுக் காளானும் நான் மொழிபெயர்க்காத கேள்வியும்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பெரிய வெள்ளிக்கு ஒரு வாரம் முந்திய வெள்ளிக்கிழமை, வேலை மதியத்தோடு முடிந்ததும், ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்குத் தெற்கே உள்ள காட்டில் காளான் பறித்தேன்.
2. இரண்டு இடங்களில் பறித்தேன். முதல் இடத்தில் பறித்தவற்றைச் சோதித்தேன். இரண்டாவது இடத்தில் பறித்தவற்றைச் சோதிக்கவில்லை.
3. அம்மா அவற்றைக் கறியாக்கினார்.
4. நான் கொஞ்சம் சாப்பிட்டேன். அம்மா நிறையச் சாப்பிட்டார். அப்பா பின்னேர வேலையில் நின்றதால் சாப்பிடவில்லை.
5. மறுநாள் காலை அம்மாவும் நானும் மருத்துவமனையில் இருந்தோம்.
6. அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள். நான் பிழையான பதில் சொன்னேன்.
7. அம்மாவின் ஈரல் பழுதடையத் தொடங்கியது.

ஆறாவதும் ஏழாவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஏழாவதற்கு எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ஆறாவதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

உலோகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதனை என் வேலை. காளான் பழக்கம் வேலையிடத்துத் தோழி ஒருத்தியிடமிருந்து தொற்றியது. இலையுதிர்காலத்தில் அவளுடன் சிலமுறை போயிருக்கிறேன். வசந்தத்தில் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. நான் தேடிப் போனது மோர்ஷெல். ஏப்ரல் மாதத்தில், ஈரமான காடுகளில், போன வருடத்துச் சருகுகளுக்குள் மறைந்து நிற்கும் காளான் அது. தொப்பி தேன்வதை போலக் குழி குழியாக இருக்கும். நெடுக்காக வெட்டினால் உச்சியிலிருந்து அடிவரை உள்ளே ஒரே வெறுமை. கடையில் காய்ந்ததைக் கையில் எடுத்தால், ஒரு சிறு பையின் விலையைப் பார்த்தே திரும்ப வைத்துவிடுவோம்.

ஓடைக்கரையில், எஷெ என்னும் இலையுதிர் மரங்களுக்குக் கீழே, முதல் மோர்ஷெல்களைக் கண்டேன். முழங்காலில் இருந்து பார்த்தால்தான் தெரிந்தன. ஒன்று தெரிந்ததும் பக்கத்தில் இன்னொன்று தெரிந்தது. அங்கே பறித்தவற்றில் சிலவற்றை வெட்டிப் பார்த்தேன். புத்தகத்துப் படத்தோடும் தொலைபேசிச் செயலியோடும் ஒப்பிட்டேன். எல்லாம் சரி.

திரும்பி வரும் வழியில் மணல் நிலம், பைன் மரங்கள். அங்கே அவை மறைந்து நிற்கவில்லை. செம்மண் நிறத்தில், கைநிறையக் கொள்ளும் பருமனில், பாதையோரமாகவே நின்றன. எனக்கு வந்த சந்தோசத்தில் குனிந்து குனிந்து பறித்தேன். ஒன்றையும் வெட்டவில்லை.

எங்கள் வேலையில் மாதிரிச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில், ஒரே உலோகத்தில் வந்த பாகங்கள் என்றால் எல்லாவற்றையும் அளப்பதில்லை. சிலவற்றை எடுத்து அளப்போம். அவை சரியென்றால் முழுப் பெட்டியும் சரி. காட்டில் என் கை அந்தப் பழக்கத்தில்தான் வேலை செய்தது. ஆனால் பைன் மரத்தடி வேறு பெட்டி. மண் வேறு, மரம் வேறு. வேலையிடத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் கையெழுத்து வைத்திருக்க மாட்டேன்.

பைன் மரத்தடியில் நின்றவை லோர்ஷெல். மோர்ஷெல் வரும் அதே மாதத்தில் வரும் நச்சுக்காளான். அதன் தொப்பியில் குழிகள் இல்லை, மூளையைப் போன்ற மடிப்புகள். வெட்டினால் உள்ளே சிறு சிறு அறைகள்.

அம்மா கூடையை மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"இதென்ன பிள்ளை, ஆட்டு மூளை மாதிரிக் கிடக்கு."

"அது அப்பிடித்தான் அம்மா."

"தவக்காலத்து வெள்ளியிலை இந்தப் பிலோமினா மூளைக்கறி வைச்சவ எண்டு ஆரும் சுவாமியாரிட்டைச் சொல்லப்போகினம்."

நான் சிரித்தேன். அடையாளம் மேசையில் கிடந்தது, அம்மா அதை வாயால் சொல்லியும்விட்டார், நான் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் கறி வைக்கும்போது குசினிக் கதவையும் ஜன்னலையும் மூடிவிடுவோம். கதவை மூடுவது உடுப்புகளில் மணம் ஏறாமலிருக்க. ஜன்னலை மூடுவது மேல்வீட்டுக்காரருக்காக. அன்றும் அம்மா மூடினார். அந்தக் காளானின் நஞ்சு ஆவியிலும் கலந்து வரும் என்று பிறகு டொக்டர் சொன்னார். அம்மா அந்த ஆவிக்குள் நின்றுதான் தேங்காய்ப்பால் வற்றும்வரை கிளறியிருக்கிறார். நான் ஒரு அகப்பையோடு நிறுத்திக்கொண்டேன். மதியம் தாமதமாகச் சாப்பிட்டிருந்தேன். அம்மா தட்டில் சாப்பிட்டு முடித்து, சட்டியில் ஒட்டியிருந்ததற்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டி அதையும் சாப்பிட்டார். "நீ முழங்கால் மண்ணோடை கொண்டந்தது, வீணாக்கக் கூடாது" என்றார்.

காலையில் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. குளியலறைக்குப் போனால் அம்மா ஏற்கெனவே அங்கே, தரையில். அவருக்குத் தலையிடி, வாந்தி, வயிற்றோட்டம், கால்கள் நடுங்கின. அப்பா அவசர வண்டியைக் கூப்பிட்டார்.

அவசரப் பிரிவில் அடுத்தடுத்த கட்டில்கள், நடுவில் ஒரு திரை. இளம் டொக்டர் ஒருவர் திரையை விலக்கி நடுவில் நின்று கேள்விகள் கேட்டார். எப்போது சாப்பிட்டீர்கள், எவ்வளவு, வறுத்ததா அவித்ததா, எப்போது வாந்தி தொடங்கியது. அம்மா பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார்.

"வேறு யாராவது இதைச் சாப்பிட்டார்களா?"

"இல்லை. வீட்டில் மூன்று பேர். நாங்கள் இருவர் மட்டும்தான்."

இதுதான் ஆறாவது. அந்தக் கேள்வியை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் படித்த நாளிலிருந்து அம்மாவின் வாய் நான்தான். பல்வைத்தியர், வெளிநாட்டவர் அலுவலகம், வீட்டு முதலாளி, எல்லா இடத்திலும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறேன். முதலில் கேட்டுச் சொன்னேன். பிறகு பதில்கள் எனக்கே பாடமாகிவிட்டன, கேட்காமல் சொன்னேன். நேரம் மிச்சம். அன்றும் அப்படித்தான். நான் மனதில் தட்டுகளை எண்ணினேன். இரண்டு தட்டு, இரண்டு பேர்.

டொக்டர் நஞ்சுத் தகவல் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். காளான் மிச்சம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். அப்பா வீட்டுக்குப் போய்ச் சமையல் கழிவு வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். வரவேற்பு மேசையில் நின்ற பெண் மூக்கைச் சுளித்திருக்கிறார். "மன்னிக்கோணும், இதுக்கை என்ரை மனிசியின்ரை வருத்தம் கிடக்கு" என்று தனக்குத் தெரிந்த ஜேர்மனில் அப்பா சொல்லியிருக்கிறார். வெட்டியெறிந்த காம்புகளைப் படமெடுத்து அனுப்ப, ஒரு காளான் நிபுணர் பார்த்ததுமே பெயர் சொன்னார். இரண்டு வகையும் கலந்திருந்தன.

அந்த நஞ்சு உடம்புக்குள் போனபிறகு வேறொரு பொருளாக மாறுகிறது. அது முதலில் வயிற்றையும் நரம்பையும் தாக்கும். ஒன்றிரண்டு நாளில் ஈரலைத் தாக்கும். நடுவில் நோயாளிக்குச் சுகம்போலத் தெரிவதும் உண்டு. எனக்கு அது வயிற்றோடு நின்றுவிட்டது. திங்கட்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். அம்மா ஞாயிறன்று எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். நாங்கள் சந்தோசப்பட்டோம். திங்கட்கிழமை அவருடைய கண்வெள்ளை மஞ்சளாகியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கே நான் கற்றுக்கொண்ட சொல் குயிக். இரத்தம் எவ்வளவு விரைவாக உறைகிறது என்பதற்கான அளவு. உறைவதற்குத் தேவையான பொருட்களை ஈரல்தான் செய்கிறது. ஈரல் களைத்தால் அந்த அளவு இறங்கும். அம்மாவின் அளவு ஒவ்வொரு காலையும் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இறங்கினால் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு மாற்றி, வேறொருவரின் ஈரலைப் பொருத்துவதுபற்றி யோசிக்க வேண்டும் என்று பெரிய டொக்டர் சொன்னார். இதை நான் அப்பாவுக்கு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அப்பா கேட்டுவிட்டுத் தன் ஜக்கெற்றைக் கழற்றி என் தோளில் போட்டார். அந்த நடைபாதையில் எனக்குக் குளிரவில்லை. ஆனாலும் போர்த்திக்கொண்டு இருந்தேன்.

அப்பா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்ல எனக்கு ஏதாவது இருந்திருக்கும். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுன் கஞ்சிப் போத்தலோடு வந்தார், அதை என்னைக் குடிக்கவைத்தார், போனார். வீட்டில் அந்தக் கறிச்சட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டுக் கடைசியில் எறிந்துவிட்டார். அம்மா இன்றுவரை அந்தச் சட்டியைத் தேடுகிறார்.

அம்மாவுக்கு வேறு கவலை. செவ்வாய்க்கிழமை, கையில் ஊசிக்குழாயோடு, என்னைக் குனியச் சொல்லிக் காதுக்குள் பேசினார்.

"ஆரும் கேட்டா பித்தப்பையிலை கல்லு எண்டு சொல்லு."

"ஏன் அம்மா?"

"நாளைக்கு உனக்குக் கலியாணம் பேசேக்கை, தாய்க்கு நஞ்சு வைச்ச பெட்டை எண்டு கதை வரும். கல்லு எல்லாருக்கும் வாறதுதானே."

"அம்மா, இப்ப ஏன் அந்தக் கதை."

"இப்பதான் கதைக்கோணும். நான் செத்துப்போனா ஆர் கதைக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது. அம்மா அதைக் கவனிக்காதவர்போல, "கல்லு. மறந்துபோடாதை" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். கோயிலிலிருந்து யார் தொலைபேசி எடுத்தாலும் கல் என்றேன். சொல்லச் சொல்ல அது எனக்கு இலகுவாக இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை காலை குயிக் இறங்கவில்லை. ஏறவுமில்லை. டொக்டர் அந்தத் தாளைப் பார்த்து, "இன்று எனக்கு இது போதும்" என்றார். வியாழக்கிழமை கொஞ்சம் ஏறியது. அம்மாவைச் சாதாரண அறைக்குக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் நிறம் போகவில்லை, சத்தமாகப் பேச ஏலாது. ஆனால் ஈரல் திரும்பத் தொடங்கிவிட்டது என்றார்கள். நான் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சப்பாத்தைக் கழற்றினேன்.

மறுநாள் பெரிய வெள்ளி; மதியம் ரோசா அன்ரி வந்தார். அன்ரியும் அம்மாவும் ஒரே தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்கள். அன்ரிக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. கையில் தோடம்பழப் பையும் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியும்.

"என்னடி பிலோ, கல்லை எடுத்துப்போட்டினமோ?"

"மருந்திலை கரையுமாம் அக்கா."

"கரையிற கல்லுக்கோ இத்தனை குழாய்?" என்றபடி அன்ரி பெட்டியை என்னிடம் தந்தார். "இடியப்பமும் சொதியும் பிள்ளை. உறைப்பில்லை. டொக்டரிட்டைக் கேட்டுட்டுக் குடு."

பெட்டியை மேசையில் வைக்கும்போது அடியைப் பார்த்தேன். சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. கோயில் விருந்துகளில் பாத்திரம் மாறிப்போகாமலிருக்க அம்மா எல்லாவற்றிலும் வைக்கும் பொட்டு. அது எங்கள் பெட்டி.

"அன்ரி, இது எங்கடை பெட்டியெல்லோ?"

"ஓம், அம்மான்ரை தான். வெறும் பெட்டியாத் திருப்பிக் குடுக்கிறதே? அதான் இடியப்பம் வைச்சனான்."

"அம்மா இதை எப்ப தந்தவ?"

"போன வெள்ளி இரவு. நீ படுத்திட்டாயாம். நான் வேலை முடிஞ்சு போற வழியிலை கீழை நிண்டு மணி அடிச்சனான், அம்மா இறங்கி வந்து தந்தவ. காளான் கறி. பிள்ளை காட்டிலை புடுங்கினது எண்டு ஒரே பெருமையும் புழுகமும்."

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகம் மாறியிருந்தது. அவருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது.

"சாப்பிட்டனீங்களோ அன்ரி?"

"இல்லையே. பெரிய வெள்ளிக்கு எண்டு என்ரை நீலப் பெட்டியிலை மாத்திப் பிரீசரிலை வைச்சனான். பிள்ளையளும் பேரப்பிள்ளையளும் இண்டைக்குப் பின்னேரம் வருவினம், மச்சமாமிசமும் இல்லை, நல்லதாப் போச்சு எண்டு. காலமை வெளியிலை எடுத்து வைச்சிட்டுத்தான் வாறன். இளகியிருக்கும்."

அம்மா கையைத் தூக்கினார். என்னைத் தடுக்கவா, சொல்லச் சொல்லியா என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரியவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை.

"அன்ரி, அம்மாவுக்குக் கல்லு இல்லை. அந்தக் காளான்தான். நஞ்சு. நான்தான் பிழையாப் புடுங்கினனான். வீட்டுக்கு ஃபோன் எடுங்கோ. ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது."

அன்ரி உடனே தொலைபேசியை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவைதான் அங்கிள் எடுத்தார்; அன்ரி ஒலிபெருக்கியைப் போட்டார்.

"குசினி மேசையிலை நீலப் பெட்டி ஒண்டு கிடக்கு. அதைத் தொட்டனீங்களோ?"

"மூடியைத் திறந்து மணந்தனான். ஏன்?"

"வாயிலை வைச்சனீங்களோ?"

"மணக்கிறதுக்கும் உன்ரை உத்தரவு வேணுமோ? சோறு இன்னும் அவியேல்லை."

"சத்தியமாச் சொல்லுங்கோ."

"ஏனப்பா அழுகிறாய்? சத்தியமா இல்லை."

நான் தொலைபேசியை வாங்கி, பெட்டியைப் பையில் கட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன். அப்பா வந்து எடுப்பார் என்றேன். அங்கிள், "பிலோ எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார். என்ன கறி, ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அதன்பிறகு அன்ரி ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். கடைசியில் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஒப்பரேஷன் எப்ப எண்டு ஒரு டொக்டரும் சொல்லாத கல்லு என்ன கல்லு எண்டு நானும் யோசிச்சனான். எனக்குமோடி பொய் சொல்லுறாய்?"

"பிள்ளைக்காக அக்கா."

"என்ரை வீட்டிலையும் பிள்ளையள் கிடக்குது."

அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அன்ரி தோடம்பழச் சுளையை அவர் வாயில் வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அன்ரி போனபிறகு அம்மாவிடம் கேட்டேன், ஏன் டொக்டரிடம் சொல்லவில்லை என்று. அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"எனக்கு அண்டைக்குத் தலை நேரா இல்லை. டொக்டர் என்னவோ கேட்டவர், நீ டக்கெண்டு சொன்னனீ. என்ன கேட்டவர் எண்டு எனக்குத் தெரியாது. நீ சொன்னாச் சரியாத்தானே இருக்கும்."

காட்டில் நான் பிழைவிட்டது ஒருமுறை. அது என்னையும் அம்மாவையும் சேர்ந்தது. இது நான் வருடக்கணக்காகப் பழகிய பிழை. அன்ரியின் பேரப்பிள்ளைகள் சோறு அவியும் நேரத்தில்தான் தப்பினார்கள். இளைய பேத்திக்கு இன்னும் பாற்பல் விழவில்லை. ஈரல் பற்றி டொக்டர் சொன்னவை எல்லாம் எனக்கு ஒரு பெரிய ஆளின் உடம்பை வைத்துத்தான் தெரியும். சின்ன உடம்பை வைத்து நான் யோசிக்கத் தொடங்கும் இடத்தில் இன்னும் நின்றுவிடுகிறேன்.

மறுநாள் டொக்டரிடம் போய், நான் சொன்ன பதில் பிழை, கறி போன இன்னொரு வீடு இருந்தது, அங்கே ஒருவரும் சாப்பிடவில்லை என்று சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். "உங்கள் அம்மாவிடம் நான் நேரே கேட்டிருக்க வேண்டும்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு உதவவில்லை.

அம்மா அதற்கடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார். ஈஸ்டர் பாஸ்காவை நாங்கள் மருத்துவமனையில் பாணும் பட்டருமாகக் கொண்டாடினோம். காப்புறுதி செலவை ஏற்றுக்கொண்டது. கல் கதையை அம்மா கைவிட்டார். ஆனால் தானாக யாரிடமும் காளான் என்று சொல்வதில்லை. ஆகவே நான் சொல்கிறேன். வார இறுதிகளில் காட்டுக்குப் போகும் எங்கள் ஆட்கள் இப்போது நிறையப் பேர். எடுத்த ஒவ்வொன்றையும் வெட்டிப் பாருங்கள். சந்தேகமென்றால் நகரத்தில் காளான் நிபுணர்கள் இருக்கிறார்கள், இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். அடுத்தது, சாப்பிட்டவர்களைத் தட்டை வைத்து எண்ணாதீர்கள். எங்கள் வீடுகளில் கறி எந்தெந்தப் பெட்டியில் எந்தெந்த வீட்டுக்குப் போனது என்பது சமைத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போதைய நிலை: அம்மாவின் ஈரல் அளவுகள் இயல்புக்கு வந்துவிட்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். வேலைக்குப் போகிறார். நான் காளான் பறிப்பதில்லை. கூடை நிலவறையில் இருக்கிறது. ரோசா அன்ரி அம்மாவோடு முன்போலப் பேசுகிறார். என்னோடு பேசுகிறார், கொஞ்சம் குறைவாக. அதற்குப் பிறகு எங்கள் பெட்டி எதுவும் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

போன டெர்மினில், இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது, வேறு ஏதாவது முறைப்பாடு உண்டா என்று டொக்டர் கேட்டார். இல்லை, எல்லாம் நல்லது என்று என் வாய்வரை வந்துவிட்டது. நிறுத்தி, அம்மாவிடம் கேட்டேன். அம்மா டொக்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாலை இருக்கேக்கை பயமாக் கிடக்கு. நான் சமைச்சதெண்டாலும்."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவரோடு ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறேன். அதை அப்படியே ஜேர்மனில் சொன்னேன்.